மூன்று தரம் கூப்பிட்டும்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

காலை பத்தேகால் மணிக்கு வாசலில் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். நான் கூடத்தில்தான் இருந்தேன். ஈஸிசேரில், காலை நீட்டிக்கொண்டு. எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள் இரண்டாவது "சார்". மூன்றாவதற்கு ஒரு செருப்பு அகப்பட்டுவிட்டது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த ஆள் போனில் யாரிடமோ சொல்லிவிட்டான்: "பாழ் வூடு தாம்பா. ஆளே இல்ல. சூப்பரா கீது."

போயும்விட்டான்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை? தொண்டை கட்டியிருந்தது என்று எழுதலாம். உண்மை என்னவென்றால் முந்தாநாளிலிருந்து நான் யாரோடும் பேசவில்லை. செருப்பைப்போல குரலையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

13 ஆகஸ்ட், புதன்

அதே ஆள் மறுபடி வந்தான். இந்த முறை நான் முன்னெச்சரிக்கையாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பெயர் கலைவாணன். படம் எடுக்கிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் வேலையாம்.

"அண்ணாத்த, இந்த வூட்டு ஓனரு யாரு?"

நான்தான், பூவராகவன் என்றேன். எங்கே குடியிருக்கிறீர்கள் என்றான். இங்கேதான் என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இல்ல அண்ணாத்த, நெஜமா சொல்லு" என்றான்.

ஏதோ வெப் சீரிஸ். கதைக்கு ஒரு பாழடைந்த வீடு வேண்டும். மகாபலிபுரத்திலிருந்து நெம்மேலிவரை தேடியிருக்கிறார்கள். ரிசார்ட்டுகளுக்கு நடுவே இது ஒன்றுதான் தேறியிருக்கிறது. உப்புக்காற்று தின்ற கேட்டையும் காரை உதிர்ந்த சுவரையும் அவன் பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்தவர்கள் பார்ப்பது போலிருந்தது. எல்லாம் முடிந்ததும் கூரையைக் கம்பெனியே பழுதுபார்த்துக் கொடுத்துவிடும், ஆனால் அதுவரை வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்றான்.

கூரை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதியைப் படிக்கவில்லை. செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் முப்பத்தொரு வருடம் நில அளவராக இருந்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டியே ஓய்வுபெற்றவன் நான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கூரை விஷயத்தை எழுதிவைத்துவிடுகிறேன். எனக்கே நியாயமாகப் படுகிறதா என்று பார்க்க.

கூடம் தளம் போட்டது. சமையல்கட்டுக்கு மட்டும் ஓடு. இரண்டு மழைக்காலமாக அடுப்புக்கு நேர்மேலே சொட்டுகிறது என்றாள் என் மனைவி யோகேஸ்வரி. நான் வாளி வைத்து அளந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முந்நூற்று நாற்பது மில்லி. அந்த வயதுக் கூரைக்கு இது பெரிய குறை இல்லை என்று தாளில் எழுதி, தேதி போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். போன வருடப் புயலுக்கு அளவு கூடியது. நானும் தாளை மாற்றினேன்.

தாளை மாற்றிய அன்றுதான் அவள் பையை எடுத்தாள். "நீ அளந்துகினே இரு மாமா. நான் சங்கரி வூட்டுக்குப் போறேன். ஒழுக்கு நின்னா சொல்லு, வரேன்."

சங்கரி அவள் தங்கை. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறாள். எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "நின்னுச்சா?" என்பாள். "மழையே இல்லியே" என்பேன். வைத்துவிடுவாள்.

கொத்தனாரைக் கூப்பிட்டால் ஒழுகியது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். கம்பெனி தானாகவே செய்து கொடுத்தால்? யாரும் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். "நின்னுடுச்சி" என்று ஒரு வார்த்தை. அவள் வந்துவிடுவாள்.

நியாயமாகத்தான் படுகிறது. ஏறக்குறைய.

25 ஆகஸ்ட், திங்கள்

ஆர்ட் டைரக்டர் ஜெகதீசன் வந்து பார்த்தார். ஏமாந்துபோனார். நேரில் பார்த்தால் பாழ் பத்தவில்லையாம்.

அதன்மேல் ஒரு பெரிய விவாதம். ஸ்கிரிப்டில் 'பாழ் வீடு' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ஜெகதீசன், உடைந்து விழ வேண்டும் என்கிறார். டைரக்டர், எதுவுமே உடையக் கூடாது, ஆனால் வெறுமையாக இருக்க வேண்டும் என்கிறார். ரூத் என்று ஒரு உதவி டைரக்டர் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், போனில் அகராதியைத் திறந்து படித்தாள். "அழிவு, வெறுமை, தனிமைன்னு மூணும் போட்டிருக்கு சார்." மூன்றையும் எப்படி ஒரு கூடத்தில் காட்டுவது என்று எல்லோரும் டீ குடித்தார்கள். அப்புறம் என்னைக் கேட்டார்கள்.

நான் சொன்னேன். அளவைக்குப் போகும் இடத்தில் வீடு பூட்டிக் கிடந்தால் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடுவேன். சட்டம் இல்லை, நானே வைத்துக்கொண்ட வழக்கம். மூன்று தரத்துக்கும் பதில் இல்லை, கூரையும் சரியில்லை என்றால் குறிப்பில் 'பாழ்' என்று எழுதுவேன். நாலாவது தரம் கூப்பிட்டதில்லை. வெயில்.

டைரக்டர் துள்ளிவிட்டார். கதாநாயகன் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிடுவதுதான் இனி படத்தின் கடைசிக் காட்சியாம். கலைவாணன் என் தோளைத் தட்டி, "இனிமே நீதான் அண்ணாத்த நம்ம பாழ் கன்சல்டன்ட்" என்றான். எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். என் வீட்டு நாற்காலிதான்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு ஊரில் மூன்று தரம் கூப்பிட்டு, 'பாழ்' என்று மையில் எழுதி முடித்தபிறகு, பின்கட்டிலிருந்து ஒரு அம்மா தவலையோடு வந்தாள். யாருப்பா என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அடித்து எழுதினால் மேலதிகாரி கேட்பார். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

29 ஆகஸ்ட், வெள்ளி

பூஜை. பூசணிக்காய் உடைத்தார்கள். அப்புறம் மூன்று பேர் நாலு மணி நேரம் கூடத்தைப் பாழாக்கினார்கள். தூசுக்கு முல்தானி மட்டி. ஒட்டடைக்கு ஒரு மெஷின்; துப்பாக்கி மாதிரி பிடித்து அடித்தால் நூல் நூலாக வருகிறது. என் ஈஸிசேரின் துணியைக் கிழித்தார்கள். கேட்டுவிட்டுத்தான் கிழித்தார்கள்.

3 செப்டம்பர், புதன்

ஷூட்டிங் நின்றுவிட்டது. கதாநாயகன் வேறு படத்துக்காகத் தாடியை எடுத்துவிட்டார். வளர இரண்டு மாதமாகும். அதுவரை கூடம் இப்படியே இருக்க வேண்டும் என்று ரூத் சொல்லிவிட்டுப் போனாள். பாதிக் காட்சி எடுத்தாகிவிட்டது. மீதி எடுக்கும்போது தூசு ஒரு விரல் தள்ளியிருந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். கன்டினியூட்டி என்று பெயர். போனில் இருநூறு படம் எடுத்துவைத்திருக்கிறாள்.

என் கூரை இப்போது ஒருவருடைய தாடியை நம்பி இருக்கிறது.

7 செப்டம்பர், ஞாயிறு

"நின்னுச்சா?"

"மழையே இல்லியே."

14 செப்டம்பர், ஞாயிறு

கம்பெனி ஒட்டடைகளை எண்ணிவைத்தேன். கூடத்தில் நாற்பத்தொன்று. பின்னால் தகராறு வரக் கூடாது. இருபத்து மூன்றாம் எண்ணில் ஒரு நிஜச் சிலந்தி குடியேறியிருக்கிறது. ரூத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். ஒட்டடை இருக்கலாம், சிலந்தி கன்டினியூட்டியில் இல்லை என்றாள்.

அட்டையில் ஏந்தித் தோட்டத்தில் விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி விட்டேன். மறுபடி வந்தது. இருக்கட்டும், யாராவது இருக்கட்டும்.

22 செப்டம்பர், திங்கள்

காலேஜ் ஜோடி ஒன்று கேட் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க, ஃப்ரேம்ல வரீங்க" என்றார்கள். தள்ளிக்கொண்டேன். என் வாசலில்.

28 செப்டம்பர், ஞாயிறு

சமையல்கட்டிலும் எதையும் தொடுவதில்லை. துரும்பு என்றால் துரும்புதானே. ஒரே தட்டு, ஒரே டம்ளர், கழுவிக் கழுவி அதே இடத்தில். பெரும்பாலும் வெளியில் பரோட்டா. யோகேஸ்வரி போனில் இன்று "நின்னுச்சா" கேட்கவில்லை. "துன்னியா?" என்று கேட்டாள். துன்னேன் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் பையன்கள் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

5 அக்டோபர், ஞாயிறு

ஆறப்போடாமல் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு யோகேஸ்வரி வந்தாள். சொல்லாமல். தீபாவளிக்கு மெஸ்ஸில் நிறைய அரைக்க வேண்டுமாம், கிரைண்டரை எடுத்துப்போக வந்திருக்கிறாள். வாசலில் நின்று கூப்பிட அவள் என்ன விருந்தாளியா, நேராக உள்ளே வந்துவிட்டாள். கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கிழிந்த ஈஸிசேரைப் பார்த்தாள். அதில் நான்.

"மாமா," என்றாள். "நான் இல்லாம இப்படியா ஆயிட்ட நீ?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முப்பத்து மூன்று வருடத்தில் எனக்காக அவள் அழுது நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை மஞ்சள் காமாலை.

நாலு வார்த்தை போதும்: இது கம்பெனி போட்ட ஒட்டடை. வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நன்றாக இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நன்றாக இருந்தது. இருமினேன் வேறு. ஆமாம், பொய்யாகத்தான் இருமினேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துடைப்பத்தோடு முதலில் சமையல்கட்டுக்குள் போனாள். பாதி பெருக்கியிருப்பாள். அந்த நேரம் பார்த்து ரூத் வந்துவிட்டாள், தாடி பாதி வளர்ந்துவிட்டது, கூடம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க. துடைப்பச் சத்தம் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஆன்ட்டி, எதையும் தொடாதீங்க ப்ளீஸ், கன்டினியூட்டி போயிடும்."

யோகேஸ்வரி துடைப்பத்தோடு வெளியே வந்தாள். அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். மெஷின், மட்டி, தாடி, எல்லாம். நான் நாற்பத்தொரு ஒட்டடையையும் ஒரு தரம் எண்ணி முடித்தேன்.

யோகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "அப்ப இது டிராமா" என்றாள்.

இதற்குள் ரூத் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். நல்ல மனசு, ஆறுதல் சொல்கிறதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். "ஓ, கிச்சனா ஆன்ட்டி? அது எங்க ஃப்ரேம்லயே இல்ல. நாங்க உள்ள போனதே கிடையாது. நீங்க தாராளமா பெருக்குங்க."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆர்ட்காரர்கள் சமையல்கட்டு வாசற்படியைத் தாண்டவேயில்லை. மெஷின் உள்ளே போகவில்லை. அங்கே இருந்த தூசும் ஒட்டடையும் எங்கிருந்து வந்தன? எட்டு மாதமாக, பத்து மாதமாக, யார் போட்டது?

யோகேஸ்வரி துடைப்பத்தால் கூடத்தைக் காட்டினாள். "இங்க கீறது கம்பெனிது." அப்புறம் சமையல்கட்டைக் காட்டினாள். "அங்க கீறது?"

"நம்முளுது," என்றேன்.

"உன்னுது," என்றாள்.

துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் போய்விட்டாள். கிரைண்டரை எடுக்கவில்லை. மறந்தாளா, கோபமா? இன்னா எழவு கூரை. இன்னா எழவு வாளி. ஒரு ஓட்டை மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்டா பூவராகவா.

6 அக்டோபர், திங்கள்

சமையல்கட்டு. அவள் பெருக்காத பாதியில் மட்டும்: ஒட்டடை பதினேழு. பூஞ்சை பிடித்த புளிச் சட்டி ஒன்று. சுவரில் நாள்காட்டி, டிசம்பர் 8-லிருந்து கிழிக்கப்படவில்லை. அடுப்புமேடையில் அவளுடைய கொண்டை ஊசி, அதைச் சுற்றி மட்டும் தூசு இல்லாத ஒரு இடம். தினம் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. நினைவில்லை.

கூடத்தைப் பாழாக்க மூன்று பேர் தேவைப்பட்டது. இதை நான் ஒருவனாகவே செய்திருக்கிறேன், செய்கிறோம் என்றுகூடத் தெரியாமல்.

7 அக்டோபர், செவ்வாய்

கொத்தனார் வந்து ஏணி போட்டார். எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று கேட்டார். "ரெண்டு வருசமா ஒழுவுது" என்றேன். அவர் பாட்டுக்கு ஓடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான்தான் ஏதோ பெரிய வாக்குமூலம் கொடுத்தவன் போல வியர்த்து நின்றேன்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். பசை போகவில்லை.

8 அக்டோபர், புதன்

யோகேஸ்வரி போனை எடுக்கவில்லை. சங்கரிக்குப் போட்டேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்: "அவகிட்ட சொல்லு. ஒழுகுச்சி. அன்னிக்கும் ஒழுகுச்சி. நான்தான் இல்லன்னு அளந்துகினு இருந்தேன்."

அந்தப் பக்கம் நாற்பது பேர் சாப்பிடும் சத்தம். சங்கரி ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், கையில் மாவாம். "அக்கா இங்கதான் தோசை ஊத்திகினு இருக்குது மாமா. கேட்டுகிச்சி" என்றாள். ஏதோ ஒரு பையன், "எது அங்கிள் ஒழுகுச்சி?" என்றான்.

தோசை சுடும் சத்தம் மட்டும் கேட்டது.

12 அக்டோபர், ஞாயிறு

போன் வரவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

பருவமழை பிடித்துக்கொண்டது. அடுப்புமேடைமேல் வாளி வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். காலி வாளியை எவ்வளவு நேரம் பார்ப்பது? முந்நூற்று நாற்பது இருந்தபோது சண்டை போடவாவது ஆள் இருந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

வந்தாள்.

"கிரைண்டருக்கு வந்தேன்" என்றாள். கையில் பெரிய பை. ஜிப் சரியாக மூடவில்லை. மேலாக எண்ணியதில் எட்டுப் புடவை தெரிந்தது. கிரைண்டர் எடுத்துப்போக எட்டுப் புடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்த ஜென்மத்தில் நான் செய்த புத்திசாலித்தனம் அது ஒன்றுதான்.

ஸ்டூல் போட்டு ஏறி ஓட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். இறங்கினாள். நாள்காட்டியில் மிச்சமிருந்த டிசம்பர் முழுவதையும் ஒரே பிடியாகப் பிடித்துக் கிழித்தாள். அப்புறம்தான் கம்பெனி விவகாரத்தைக் கேட்டாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், கூடத்தை அவர்கள் முடிக்கிறவரை தொடுவதில்லை, ஆனால் சமையல்கட்டுக்குள் ஒரு ஆள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. எல்லைக் கோடு நான் போட்டேன். சுண்ணாம்புக் கட்டியால், நூல் பிடித்து.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கோட்டுக்கு அந்தப் பக்கம் அதிரசம், இந்தப் பக்கம் பாழ். வெளியே போகவேண்டுமானால் இருவரும் மட்டி கிளம்பாமல் பூனை மாதிரி அடி வைத்து நடக்கிறோம். சிலந்திக்குக் கம்பெனியும் யோகேஸ்வரியும் ஒன்றுதான். கோட்டின் இரண்டு பக்கமும் போய்வருகிறது. அவள் அதை இரண்டு தரம் வெளியே விட்டாள். மூன்றாவது தரம் விடவில்லை.

28 அக்டோபர், செவ்வாய்

மழை. பழக்க தோஷத்தில் வாளியைத் தேடினேன். அதில் துணி ஊறவைத்திருக்கிறாள்.

6 நவம்பர், வியாழன்

தாடி வளர்ந்து வந்து சேர்ந்தது. இன்று கடைசிக் காட்சி. கதாநாயகன் பாழ் வீட்டு வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் வராது. அவர் கண்ணீரோடு திரும்பிப் போக வேண்டும். கன்சல்டன்ட் என்பதால் எனக்கு மறுபடி என் நாற்காலி.

முதல் டேக். அவர் வாசலில் வந்து நின்றார். காற்றில் மட்டி பறக்க மின்விசிறி போட்டிருந்தார்கள். நல்ல குரல் அவருக்கு. "அம்மா," என்று கூப்பிட்டார்.

"இன்னா?" என்றாள் சமையல்கட்டிலிருந்து யோகேஸ்வரி.

கட். ரூத் ஓடிப்போய் விளக்கினாள். சரி என்றாள். இரண்டாவது டேக்: "அம்மா." "யாரு? இரு, அடுப்புல கீது, வரேன்." டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவதில் வெறும் "உம்" வந்தது. நாலாவதில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாளாம், ஆனால் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கே வந்து, தாடியையும் அழுகையையும் பார்த்து, "தண்ணி குடிக்கிறியாப்பா?" என்றாள்.

அவளை நான் திட்டவேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "வாசல்ல ஒரு ஆளு கூப்புட்டா எப்டி மாமா சும்மா கீறது?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

அவளைப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்த்திவைக்கச் சொன்னான் கலைவாணன். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்றேன். இந்த முறை படித்துவைத்திருந்தேன்.

மொத்தம் ஏழு டேக். ஏழு டேக்கிலும் இரண்டாவது தரம் கூப்பிடத் தேவைப்படவில்லை. மூலையில் உட்கார்ந்து, பாலாற்றங்கரை அம்மாவை நினைத்துக்கொண்டேன். நாலாவது தரம் கூப்பிட்டிருக்கலாம். அடித்தாவது எழுதியிருக்கலாம்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது எடுக்க வேண்டாம், பின்னால் இருக்கும் குரலை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்றார் டைரக்டர். பூசணிக்காய் உடைத்தார்கள்.

படத்திலிருந்து வேண்டுமானால் குரலை எடுத்துவிடட்டும்.